படத்தின் நடுவில் யார்?

தோழனே!

ஆலங்காயத்திலிருந்து திரும்பியிருக்கிறேன். கூட்டம் எப்படி நடந்தது என்றுதான் முதலில் கேட்பாய். குறைவில்லை. கொடிகள் ஆடின, கூட்டம் கூடிற்று, சவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்த மக்கள் மண் தரையிலே அமர்ந்து இறுதிவரை கேட்டனர். கைதட்டல் உண்டு, மாலை உண்டு, மறுநாள் ஏட்டிலே படமும் உண்டு. எல்லாம் உண்டு, தோழனே! இல்லாமற் போனது ஒன்றே ஒன்றுதான். அது என் உறக்கம்!

ஏன் என்று சொல்லுகிறேன். சொல்வது எனக்குப் பெருமை தருவதன்று. ஆனால் பிறர் குற்றத்தை மேடையிலே முழங்குகிறவன், தன் குற்றத்தைத் தாளிலாவது எழுத வேண்டாமா?

கூட்டத்துக்கு முன்னதாக, மலைவாழ் மாணவர்க்குக் குறிப்பேடுகள் வழங்கும் நிகழ்ச்சி. வழங்கியவர் வசதி படைத்த ஒருவர்; பெயர் வேண்டாம், பெயரைப் பற்றியதன்று இந்தக் கட்டுரை. வாழ்த்திப் பேசும் பொறுப்பு என்னுடையது. சும்மா விடுவேனா? பாரியை அழைத்தேன், பேகனை அழைத்தேன், ஓரியை அழைத்தேன், வள்ளல்கள் எழுவரையும் வரிசையாக நிறுத்தி, எட்டாவது இடத்திலே இவரை அமர்த்தினேன். முல்லைக்குத் தேர் கொடுத்தவனுக்கும், மூன்று கட்டுக் குறிப்பேடு கொடுத்தவருக்கும் இடையே மயிரிழை வேறுபாடும் இல்லை என்று மக்கள் நம்பும் அளவுக்குப் பேசினேன்.

பிறகு பிள்ளைகள் மேடையேறினர். சிறுமி ஒருத்தி, பத்து வயதிருக்கலாம். ஏட்டைப் பெற்றாள், பெற்றதும் திரும்பினாள், படி இறங்குவதற்குள் முதல் தாளைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். புதுத் தாளின் மணம்! அந்த மணத்துக்கு ஈடாக எந்த மாலை மணக்கும்? அப்போது படமெடுப்பவர் குரல் கொடுத்தார்: "சரியாக விழவில்லை, இன்னொரு முறை!" உடனே நான் அந்தக் குழந்தையை அழைத்தேன். "அதை ஐயாவிடம் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கிக்கொள், அம்மா" என்றேன்.

அவளுக்கு விளங்கியது முதற் பாதி மட்டுமே. 'அதைக் கொடுத்துவிடு.' ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். கொடுத்தது பறிபோகிறது என்று நினைத்தாள். கண் கலங்கிற்று. மெல்ல விரல்களைப் பிரித்து ஏட்டை வாங்கினோம், மறுபடி கொடுத்தோம், மறுபடியும் சரியாக விழவில்லை, மறுபடி வாங்கினோம், மறுபடி கொடுத்தோம். மூன்றாம் முறை, சிரிக்கச் சொன்னேன். சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் மறுநாள் ஏட்டிலே வந்தது. வழங்கியவர் நடுவிலே, நான் அவர் வலப்புறத்திலே, ஓரத்திலே, பாதி முகமும் ஒரு கையுமாக, அந்தப் பெண்.

அன்றிரவு எனக்கு இடம் கொடுத்தவர், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். எளிய வீடு, நிறையப் புத்தகம். கல்லூரிப் படிப்பை இடையிலே விட்டவன் நான்; புத்தக அலமாரியைக் கண்டால் கடன்காரனைக் கண்டவன்போல் கொஞ்சம் கூசுவேன். அவர் பெரிய ஓவிய நூல் ஒன்றை எடுத்து என் முன்னே விரித்தார்.

"இதைப் பாருங்கள், தம்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்ணெய் வண்ண ஓவியம். ஓர் அரசன் நிறுவிய அறநிலையத்தைச் சேர்ந்தவர்களைப் பற்றியது. இதில் அந்த அரசன் எங்கே இருக்கிறான், சொல்லுங்கள்" என்றார்.

தேடினேன். "காணவில்லையே, ஐயா" என்றேன்.

"இந்த ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவர் ஒரு பெருந்தளபதி. அவர் எங்கே?"

மறுபடி தேடினேன். அவரும் இல்லை.

"அப்படியானால் நடுவிலே இருப்பவர் யார்?"

நடுவிலே ஒரு கிழவர் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்!

தோழனே, அந்த ஓவியத்தின் கதையை நீ அறிந்துகொள்ள வேண்டும். வரைந்தவர் டேவிட் வில்கி என்னும் ஸ்காத்லாந்து ஓவியர். 1822ஆம் ஆண்டு இலண்டன் அரசக் கலைக்கழகத்தின் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. காண வந்த மக்கள் நெருக்கியடித்ததால், ஓவியத்துக்கு முன்னே தடுப்புக் கம்பி போட வேண்டியதாயிற்று. அப்படி என்ன இருந்தது அதிலே? மகுடமா? மாளிகையா? இல்லை. செல்சி என்னும் பகுதியின் தெரு. ஒரு மதுக்கடை வாசல். முதிய படைவீரர்கள், இளைய படைவீரர்கள், பெண்டிர், குழந்தைகள், நாய். 1815 ஜூன் 18இல் வாட்டர்லூவிலே நெப்போலியன் தோற்றான் என்ற செய்தியைத் தாங்கிய அரசிதழ் வந்திருக்கிறது, ஒரு முதியவர் படிக்கிறார், சூழ்ந்திருப்போர் கேட்கின்றனர். செவி கூர்ந்து சாய்பவர் ஒருவர். குழந்தையை உயரத் தூக்கிக் களிப்பவர் ஒருவர். காவற்படை இசைக்குழுவைச் சேர்ந்த கறுப்பினத்தவர் ஒருவர். சிப்பி விற்கும் பெண் ஒருத்தி. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வாழ்வு. ஒவ்வொரு வாழ்வுக்கும் ஒரு காயம்.

அந்த முதியவர்கள் யார்? செல்சி அரச மருத்துவமனை என்று பெயர் பெற்ற அறநிலையத்தைச் சேர்ந்தவர்கள். மருத்துவமனை என்று பெயரே ஒழிய, போரிலே உறுப்பிழந்தோர்க்கும் முதுமையிலே ஆதரவிழந்தோர்க்கும் உணவும் உடையும் உறைவிடமும் தரும் இல்லம் அது. நிறுவியவன் இரண்டாம் சார்லசு மன்னன், ஆண்டு 1682. கட்டியவர் கிறிஸ்டோபர் ரென். 1692இல் கட்டடம் நிறைவுற்று 476 வீரர்கள் குடியேறியபோது மன்னன் உயிரோடு இல்லை, 1685லேயே மறைந்துவிட்டான்.

ஓவியம் வரையச் சொன்னவர் யார் தெரியுமா? வாட்டர்லூவிலே வென்ற வெலிங்டன் பிரபுவே! 1816இல் அவர் கேட்டது எளிய காட்சி: செல்சித் தெருவிலே முதிய வீரர்கள் கூடிக் களித்திருப்பதை வரைந்து கொடு என்றார். அரசிதழ் படிக்கும் காட்சியை அதிலே புகுத்தியது ஓவியரின் எண்ணம். கொடுத்த விலை 1,200 கினி. இவ்வளவு தொகையை ஒரு படத்துக்குக் கொடுக்கிறேன் என்பது என் வங்கிக்காரனுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லி, பண நோட்டாகவே எண்ணிக் கொடுத்தார் என்றொரு கதையும் உண்டு. அந்தப் பெருந்தொகைக்கு வாங்கிய படத்திலே அவர் உருவம் இல்லை. வென்றவன் இல்லாத வெற்றிப் படம்! நிறுவிய மன்னன் இல்லாத அறநிலையப் படம்! அடிபட்டவனும் ஆறியவனும் மட்டுமே இருக்கும் படம்!

வெலிங்டன் நமக்கு அந்நியர். ஆனால் ஆலங்காயத்துக்கு முற்றிலும் அறியாதவர் அல்லர். 1799ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், திப்புவின் மேல் பாய்வதற்காக வேலூரிலே திரண்ட கும்பினிப் பெரும்படை, ஆம்பூர் வழியாகத்தான் மைசூர் நோக்கி நடந்தது. அந்தப் படையிலே 33ஆம் காலாட்படைப் பிரிவின் தலைவராக வந்த இளைஞர் ஆர்தர் வெல்லெஸ்லிதான், பிற்காலத்து வெலிங்டன். அவ்வாண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்திலே மடிந்தான். இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் புழுதி அந்தக் காலணிகளில் படிந்ததுண்டு. அதே படையோடு நடந்த நம் நாட்டுச் சிப்பாய்க்கு எந்தத் தெருவிலே இல்லம்? எந்தச் சுவரிலே ஓவியம்? கேட்டுப் பார்க்கிறேன், பதில் சொல்ல யாருமில்லை.

நான் வெலிங்டனைப் போற்ற வரவில்லை, தோழனே! பகைவனின் வீட்டுச் சுவரிலும் பாடம் எழுதியிருந்தால் படித்துவிட்டு வருவதுதான் பகுத்தறிவு.

பாடம் இன்னும் முடியவில்லை. ஆசிரியர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "அரசன் நிறுவினான் என்கிறோமே, பணம் யாருடையது?"

செல்சி இல்லத்தைக் கட்ட மன்னனின் மனம் இளகியதற்கு, அவன் காதலி நெல் குவின் என்னும் நாடக நடிகையே காரணம் என்று இலண்டன் மக்கள் நெடுங்காலம் கதை பேசினர். கதை இனிக்கிறது; கணக்குப் புத்தகம் கசக்கிறது. அந்த இல்லத்துக்குப் பணம் வந்த முதன்மையான வழி எது தெரியுமா? படைவீரர்களின் ஊதியத்திலிருந்து பிடித்த பிடித்தம்! வீரனின் கூலியிலிருந்து பிடித்த காசு சேர்ந்து சேர்ந்து சுவராயிற்று, கூரையாயிற்று, சோறாயிற்று. 1847 வரை ஊதியப் பிடித்தமே அந்த இல்லத்தின் முதன்மை வருவாய்.

வீரன் சிந்தியது இரத்தம். வீரன் தந்தது காசு. வீரன் பெற்றது கஞ்சி. பெயர் மட்டும் மன்னனுக்கு! முற்றத்திலே சிலையும் மன்னனுக்கு! ஆண்டுதோறும் நிறுவனர் நாளும் மன்னனுக்கு!

இப்போது சொல், தோழனே: இந்த உண்மையை அறிந்த பின், வில்கியின் ஓவியத்திலே மன்னன் இல்லாதது பிழையா, நீதியா?

இன்னொரு வகை ஓவியமும் அந்த நாட்டிலே உண்டு. தாமசு ஜோன்ஸ் பார்க்கர் என்பவர் 1863ஆம் ஆண்டை ஒட்டி வரைந்தது. பெயரே 'இங்கிலாந்தின் பெருமையின் இரகசியம்' என்பது போன்ற பெயர். நடுவிலே விக்டோரியா அரசி, வெள்ளைப் பட்டுடுத்தி நிற்கிறார். கையிலே விவிலிய நூல். அதைப் பெற ஓர் ஆப்பிரிக்கர் மண்டியிட்டுக் கை நீட்டுகிறார். பின்னாலே கணவரும் அமைச்சர்களும். அக்காலத்திலே பரவலாகப் பேசப்பட்ட ஒரு கதையை ஒட்டி வரைந்த படம் அது. கொடுப்பவரின் கை மேலே. கொள்பவரின் கை கீழே. கொடுப்பவருக்குப் பெயர் உண்டு, பட்டம் உண்டு. கொள்பவருக்கு முதுகும் முழங்காலும் உண்டு. அந்த நாட்டின் தங்கமும் தந்தமும் யார் வீட்டில் இருந்தன என்ற கேள்வி படத்துக்கு வெளியே நிற்கிறது.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பிறகு, ஆலங்காயத்து மேடைப் படத்தை மனத்திலே அவற்றோடு வைத்தேன். அது எந்தப் படத்தின் தங்கை என்பது தெரிந்தபோதுதான் உறக்கம் போயிற்று.

"அதெல்லாம் வெள்ளையர் கதை, நம் மண்ணில் மன்னர் அறம் வேறு" என்பாயா? வா, தஞ்சைக்குப் போவோம்.

1798இல் தஞ்சை அரியணை ஏறியவர் இரண்டாம் சரபோசி. மறு ஆண்டே, 1799 அக்டோபரில், கும்பினியோடு உடன்படிக்கை. நாடு கும்பினிக்கு, கோட்டையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் ஓர் இலட்சம் வராகனும் அரசருக்கு. படை போயிற்று, வரி வாங்கும் உரிமை போயிற்று. அந்த நிலையிலும் அவர் கும்பினியிடம் மன்றாடிக் கேட்டது எதற்காகத் தெரியுமா? சத்திரங்களுக்காக! 1801இல் ரெசிடென்ட் பெஞ்சமின் டாரினுக்கு அவர் எழுதிய கடிதம் புகழ் பெற்றது. இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் முன்னோர் நிறுவிய சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதிலே விரித்துரைக்கிறார்.

வழிப்போக்கர் யாராயினும், எந்தச் சாதியாராயினும், சன்னியாசியாயினும், பக்கிரியாயினும், சோறு உண்டு. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நாளும் மூவேளை உணவும் எழுத்தறிவும் உண்டு. குறித்த நாளில் எண்ணெய்க் குளியலும் உண்டு. நோயுற்றவர்க்கு மருந்து உண்டு. நச்சுக்கடிக்கு மருத்துவர் உண்டு. கருவுற்ற பெண்டிர்க்குக் கவனிப்பு உண்டு. குழந்தைக்குப் பால் உண்டு. வழியிலே மாண்டவர்க்கு ஈமக்கடனும் உண்டு.

எல்லாவற்றினும் என்னை உலுக்கியது ஒன்று: நள்ளிரவு மணி! பகலெல்லாம் பரிமாறிய பின், நள்ளிரவிலே சத்திரத்தில் மணி அடிப்பார்களாம். இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டோ, வந்து உண்ணுங்கள் என்று கூவி அழைப்பார்களாம். எண்ணிப் பார், தோழனே! கொடுத்தவன் பெயரை ஊருக்குக் கூவும் மணி அன்று அது. உண்ணாதவனை இருளிலே தேடும் மணி!

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புளுகமாட்டேன். சமைத்த சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியாகவே அளந்தனர் என்று அதே கடிதம் சொல்லுகிறது. ஏன் ஏற்கவில்லை, யார் ஆக்கிய சோறு தீட்டென்று ஏற்கவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான்கு மறைகளுக்கும் ஆசிரியர் வைத்த சத்திரம், நாற்று நட்டவன் மகனுக்கு எவ்வளவு எழுத்து ஊட்டியது என்றும் கேட்கத்தான் வேண்டும். சத்திரத்துக்கு எழுதி வைத்த நிலத்தை உழுதவன் யார்? விளைந்த நெல்லைச் சுமந்தவன் யார்? தஞ்சைத் தரணியின் உழவன்! செல்சியிலே வீரனின் கூலி. தஞ்சையிலே உழவனின் வியர்வை. பெயர் இரண்டு இடத்திலும் அரண்மனைக்கு.

ஆனால் ஒரு சிறப்பைச் சொல்லாவிட்டால் நன்றி கொன்றவனாவேன். தஞ்சைச் சத்திரங்கள் பலவற்றுக்குப் பெண்டிர் பெயரே சூட்டப்பட்டது. நீடாமங்கலத்திலே யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டிலே முத்தாம்பாள் சத்திரம். முத்தாம்பாள் பட்டத்தரசி அல்லள், சரபோசியின் அன்புக்குரியவள். தன் பெயரால் சத்திரம் ஒன்று அமைக்க வேண்டும் என்று சாகும் தறுவாயிலே கேட்டாள் என்பது வழிவழி வந்த செய்தி. தேர் போன்ற அமைப்பும், அதை இழுக்கும் கல் யானையும் கல் குதிரையும் கொண்ட அந்தக் கட்டடத்தை இன்றும் காணலாம்.

சரபோசிக்கு இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிலை, தஞ்சை அரண்மனையிலே நிற்கிறது. அதே சிற்பி, பாதிரியார் சுவார்ட்சின் மரணப் படுக்கையருகே சரபோசி நிற்பதாக வடித்த புடைப்புச் சிற்பமும் தஞ்சையிலே இருக்கிறது. மன்னனுக்குச் சலவைக்கல். முத்தாம்பாளுக்கு? நள்ளிரவு மணி! 1855இல் ஆண் வாரிசின்றி இரண்டாம் சிவாசி மறைந்தார். அரசு கும்பினிக்குப் போயிற்று. அரியணை காட்சிப் பொருளாயிற்று. ஆனால், 'முத்தாம்பாள் சத்திரம்' என்ற பெயர் மக்கள் வாயிலே இன்னும் நிற்கிறது. கல்லிலே செதுக்கிய முகத்தைவிடச் சோற்றிலே செதுக்கிய பெயர் நெடுநாள் வாழ்கிறது!

தோழனே, இனி நம் காலத்துக்கு வருவோம். மன்னர் அறம் மக்கள் உரிமையாக மாறிய கதைதான் நம் நூற்றாண்டுக் கதை. 1920இல், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே மதிய உணவைத் தொடங்கிற்று. 1956இல் காமராசர் அதை மாநிலமெங்கும் விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மதுரையிலே காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, கோட்டையிலே நாற்காலிகள் மாறின, குழந்தையின் தட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் சற்றே நிறைந்தது. 2001 நவம்பரில், அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே சமைத்த உணவு வழங்கியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டமே வந்தது.

சட்டம் என்றால் என்ன பொருள்? இது பிச்சையன்று, உரிமை என்று பொருள். உரிமை என்றால் என்ன பொருள்? கொடுப்பவன் இல்லை, கடமையைச் செய்பவன் மட்டுமே உண்டு என்று பொருள். வாங்குகிற சோப்புக் கட்டியிலும், மலைப் பாதையிலே ஓடும் வண்டிக்கு ஊற்றுகிற எரிபொருளிலும் வரி கொடுத்தவர்தான் அந்தச் சிறுமியின் தந்தை. செல்சி வீரனின் ஊதியப் பிடித்தம் போல, தஞ்சை உழவனின் நெல்மணி போல, சவ்வாது மலையிலே சாமை விதைப்பவரின் காசும் கருவூலத்திலே கலந்திருக்கிறது. அந்தக் காசிலே வந்த அரிசியை அவர் மகளுக்கே அளந்துவிட்டு, அளந்தவன் முகத்தைச் சுவரிலே ஒட்டுவது எந்த ஊர் நியாயம்?

"நன்கொடையாளர் தம் சொந்தப் பணத்தில்தானே குறிப்பேடு தந்தார்" என்று கேட்பாய். ஆம், தந்தார், நன்றி சொல்வோம். நன்றி ஒரு சொல்லிலே முடியும். அதற்கு ஒரு குழந்தையின் கையிலிருந்து ஏட்டை இரண்டு முறை பிடுங்கத் தேவையில்லை.

"படம் இல்லாவிட்டால் நாம் செய்தது மக்களுக்கு எப்படித் தெரியும்? நாம் நட்ட மரத்திலே எதிரி தன் பெயரைச் செதுக்கிக்கொள்வானே!" என்றும் கேட்பாய். நியாயமான கேள்வி. கேலி செய்து தள்ளமாட்டேன். பதிவு வேண்டும். வில்கி வரையாவிட்டால் அந்தக் கிழவர்களின் முகம் நமக்குத் தெரிந்திராது. சரபோசி கடிதம் எழுதாவிட்டால் நள்ளிரவு மணியின் ஓசை நம் செவிக்கு எட்டியிராது. நினைவை நான் பழிக்கவில்லை. நினைவின் நடுவிலே யாரை வைப்பது என்றுதான் கேட்கிறேன். எந்த ஆண்டிலே, எந்த ஆணையிலே, எவ்வளவு பணத்திலே, எத்தனை பிள்ளைகளுக்கு, யாருடைய வரியிலே என்று எழுதிப் பள்ளிச் சுவரிலே மாட்டு. எதிரியால் அழிக்க முடியாத பதிவு அது. முகத்தின் மேலே முகத்தை ஒட்டிவிடலாம். கணக்கின் மேலே எதை ஒட்டுவான்?

என் தொழிலும் குற்றமற்றதன்று. நாடகம் எழுதுகிறவன் நான். என் நாடகங்களிலே மன்னன் பொற்கிழி வழங்குவான், புலவன் பத்து வரி வசனம் பேசுவான், திரை விழும், கைதட்டல் எழும். அந்தப் பொன்னை மண்ணிலிருந்து தோண்டியவனுக்கு ஒரு வரி வசனம் எழுதியிருக்கிறேனா? அரண்மனை அடுக்களையிலே அடுப்பூதியவளை ஒரு காட்சியிலேனும் மேடையேற்றியிருக்கிறேனா? மணிமேகலையின் அமுதசுரபியைப் பாடப் புத்தகத்திலே படித்தவன்தான் நான். ஆனால், அந்தப் பாத்திரத்தைக் கொண்டு சிறைச்சாலையையே அறச்சாலையாக மாற்றுவித்தாள் அவள் என்பதை மறந்து, பாத்திரத்தின் பளபளப்பை மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவன் நடுவிலே யாரை நிறுத்துகிறானோ, ஊரும் நடுவிலே அவரைத்தான் நிறுத்தும். பழியில் எனக்குப் பங்கு உண்டு.

ஆகவே, தோழனே, மூன்று வேண்டுகோள். கட்டளையிட எனக்குத் தகுதியில்லை, வேண்டிக்கொள்ள உரிமையுண்டு.

முதலாவது: எந்த உதவி வழங்கும் நிகழ்ச்சியிலும், பெறுகிறவரின் நீட்டிய கையைப் படமெடுக்காதே. படம் வேண்டுமா? அந்தப் பிள்ளை ஏட்டிலே எழுதும்போது எடு. நடுவிலே அவளை வைத்து எடு. அவளும் அவள் பெற்றோரும் இசைந்தால் எடு.

இரண்டாவது: மேடையிலே வள்ளல் என்ற சொல்லை வீசுமுன், பணம் யாருடையது என்ற கணக்கை ஒருமுறை உரக்கப் படி. பொதுப்பணமானால், நன்றி சொல்ல வேண்டியவர் மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கிறார்.

மூன்றாவது: நிகழ்ச்சி முடிந்து, மாலைகள் வாடி, ஒலிபெருக்கி அடங்கிய பிறகு, ஒரு நாழிகை அங்கேயே நில். நள்ளிரவு மணியை நினைத்துக்கொள். "இன்னும் பெறாதவர் உண்டோ?" என்று கேள். மலைமேலே, பேருந்து போகாத ஊரிலே, சான்றிதழ் கிடைக்காததால் பெயர் விடுபட்ட வீடு ஒன்று இருக்கும். அங்கே போ. அங்கே படமெடுக்க ஆளிருக்கமாட்டார். அதனால்தான் போகச் சொல்லுகிறேன்.

விடியற்காலையிலே ஆசிரியர் என்னைக் காவலூருக்கு அழைத்துச் சென்றார். ஆலங்காயத்திலிருந்து மலைப் பாதையிலே ஏறினால் வானாய்வு நிலையம். 1968இல் சிறிய தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கி, 1986இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கியை, நம் நாட்டிலேயே உருவாக்கியதை, நிறுவிய இடம். மக்கள் பணத்திலே எழுந்த மாடம். அதற்கு வைத்த பெயரும் மன்னன் பெயரன்று. அதற்காக உழைத்து, அது நிறைவுறுமுன்பே 1982இல் மறைந்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயர்.

"விண்மீனைப் பார்க்க வேண்டுமானால் முதலில் செய்ய வேண்டியது என்ன, தெரியுமா, தம்பி?" என்று ஆசிரியர் கேட்டார்.

"என்ன, ஐயா?"

"நம் கையிலுள்ள விளக்கை அணைக்க வேண்டும்."

வேறொன்றும் அவர் சொல்லவில்லை. மலையை விட்டு இறங்கும்போது, அந்தச் சிறுமியின் ஊர் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டேன். அடுத்த திங்கள் போகிறேன். மேடை இல்லை, மாலை இல்லை, படமெடுப்பவரும் இல்லை. ஏட்டிலே என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும். இரண்டு முறை பிடுங்கியதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும்.

நீயும் வருகிறாயா, தோழனே?